மாடு ஏன் பருவத்துக்கு வருகிறது, ஏன் வராமல் போகிறது: இனப்பெருக்க ஹார்மோன்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாடு வளர்ப்பவர்கள், கருவூட்டல் பணியாளர்கள், கால்நடை மருத்துவம் படிக்கும் மாணவர்கள் என மூன்று தரப்பினரும் ஒரே ஐயங்களைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். பெரும்பாலும் அவை "இந்த மாட்டுக்கு ஹார்மோன் குறைவா?" என்பதில் வந்து நிற்கும். குறைவு என்ற அந்த எண்ணத்தையே முதலில் மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எந்த ஹார்மோன், எந்த நேரத்தில், எவ்வளவு இடைவெளி விட்டு, எதன் தடை நீங்கிய பின் சுரக்கிறது என்பதுதான் மாட்டின் பருவத்தைத் தீர்மானிக்கிறது. கேள்விகளைக் கேட்டவர்களின் போக்கிலேயே தந்திருக்கிறேன். எளியவை முதலில் வருகின்றன.

இனப்பெருக்க ஹார்மோன்கள் எங்கிருந்து சுரக்கின்றன? சினைப்பையிலிருந்தா, மூளையிலிருந்தா?

இரண்டிலிருந்தும், கருப்பையிலிருந்தும்கூட. மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ் ஜி.என்.ஆர்.எச். என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. பத்தே அமினோ அமிலங்கள் கொண்ட சிறிய மூலக்கூறு அது. அங்கிருந்து பிட்யூட்டரி சுரப்பிக்குச் செல்லும் குறுகிய ரத்தக்குழாய் வலையில் அது இறங்கி, பிட்யூட்டரியின் முன்பகுதியிலிருந்து எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரு ஹார்மோன்களை வெளியேறச் செய்கிறது. இவை பொது ரத்த ஓட்டத்தில் கலந்து சினைப்பையை அடைகின்றன. சினைப்பை தன் பங்குக்கு ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், இன்ஹிபின் ஆகியவற்றைச் சுரக்கிறது.

இத்துடன் முடிந்தால் அது மேலிருந்து கீழே வரும் வெறும் ஆணை. ஆனால் சினைப்பை சுரப்பவை மீண்டும் மூளைக்கும் பிட்யூட்டரிக்கும் சென்று, அடுத்து எவ்வளவு சுரக்க வேண்டும் என்பதை மாற்றுகின்றன. இந்தப் பின்னூட்டத்தைப் புரிந்துகொண்டால் கீழே வரும் பெரும்பாலான பதில்களை நீங்களே ஊகித்துவிடலாம்.

ஜி.என்.ஆர்.எச். மூலக்கூறின் அமைப்பு 1971இல் வெளியானது. ஆண்ட்ரூ ஷாலியின் குழு பன்றிகளின் மூளைத் திசுக்களையும், ரோஜே கியெமினின் குழு செம்மறி ஆடுகளின் மூளைத் திசுக்களையும் ஏராளமாகச் சேகரித்து அதைப் பிரித்தெடுத்தன. மூளையின் இத்தகைய ஹார்மோன்களைக் கண்டறிந்ததற்காக இருவரும் 1977ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். அதே ஆண்டு, அதே துறைப் பரிசின் மறுபாதி ரோசலின் யாலோவுக்குக் கிடைத்தது. ரத்தத்தில் மிக நுண்ணிய அளவில் உள்ள ஹார்மோன்களை அளக்கும் முறையை உருவாக்கியவர் அவர். அந்த முறை இல்லாதிருந்தால் இப்பக்கத்தில் உள்ள பாதிச் செய்திகள் இன்றும் தெரிய வந்திருக்காது.

ஜி.என்.ஆர்.எச். தொடர்ந்து சுரக்காமல் ஏன் விட்டுவிட்டுச் சுரக்கிறது?

தொடர்ந்து சுரந்தால் பிட்யூட்டரி அதைப் பொருட்படுத்தாது என்பதால். துடிப்புத் துடிப்பாக வரும்போதுதான் பிட்யூட்டரியின் செல்கள் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு கொத்து எல்.எச்.ஐ வெளியேற்றுகின்றன. இடைவெளியில் அந்தச் செல்களின் ஏற்பிகள், அதாவது ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் புரதங்கள், மீண்டும் தயாராகின்றன. இடைவெளியே இல்லாமல் ஜி.என்.ஆர்.எச்.ஐச் செலுத்திக்கொண்டிருந்தால் முதலில் எல்.எச். ஏறும், பிறகு ஏற்பிகள் குறைந்து பிட்யூட்டரி மரத்துப்போகும். ஜி.என்.ஆர்.எச். போன்ற மருந்தை நீண்ட நாள் கசியும் உறையாகத் தோலுக்கடியில் வைத்து, விலங்குகளின் இனப்பெருக்கத்தைத் தற்காலிகமாக நிறுத்துவது இந்த அடிப்படையில்தான்.

துடிப்புகளின் வேகம்தான் மூளை சினைப்பைக்கு அனுப்பும் செய்தி. புரோஜெஸ்டிரோன் மிகுந்திருக்கும் நாள்களில் எல்.எச். துடிப்பு ஏறக்குறைய மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒன்று. பருவத்துக்கு முந்தைய நாள்களில் மணிக்கு ஒன்று. மாடு பருவத்துக்கு வருவதும் வராததும் பெரும்பாலும் இந்த வேறுபாட்டில் அடங்கிவிடுகிறது.

எல்.எச்., எஃப்.எஸ்.எச். இரண்டும் ஒரே வகைச் செல்லிலிருந்து வருகின்றன. பிறகு ஏன் ஒன்று ஏறும்போது மற்றொன்று இறங்குகிறது?

அடக்கும் கைகள் வேறு வேறு. எல்.எச். செல்லுக்குள் சிறு துகள்களாகச் சேமிக்கப்பட்டு, ஜி.என்.ஆர்.எச். துடிப்பு வரும்போது வெளியேறுகிறது. எஃப்.எஸ்.எச். அப்படிச் சேமித்து வைக்கப்படுவது குறைவு. உற்பத்தியாக உற்பத்தியாக வெளியேறிவிடும். ஆகவே எஃப்.எஸ்.எச்.ஐக் கட்டுப்படுத்த வேண்டுமானால் உற்பத்தியையே குறைக்க வேண்டும். அதைச் செய்வது சினைப்பையிலிருந்து வரும் இன்ஹிபினும் ஈஸ்ட்ரோஜனும். இன்ஹிபின் எல்.எச்.ஐ ஏறக்குறையத் தொடுவதே இல்லை.

21 நாளுக்கு ஒருமுறைதான் பருவம் வருகிறது. இடைப்பட்ட நாள்களில் சினைப்பை சும்மா இருக்கிறதா?

ஒரு நாள்கூடச் சும்மா இருப்பதில்லை. முட்டையைத் தாங்கிய நீர்க்கொப்புளங்களை ஃபாலிக்கிள் என்கிறோம். அவை அலை அலையாக வளர்கின்றன. ஒரு பருவச் சுழற்சியில் பொதுவாக இரண்டு அல்லது மூன்று அலைகள். ஒவ்வோர் அலைக்கும் முன்னால் எஃப்.எஸ்.எச். சிறிது உயர்கிறது. நான்கைந்து மில்லிமீட்டர் அளவில் பல ஃபாலிக்கிள்கள் ஒன்றாகக் கிளம்புகின்றன. அவற்றில் ஒன்று ஏறக்குறைய 8.5 மில்லிமீட்டரைத் தொடும்போது மற்றவற்றிலிருந்து பிரிந்து முந்துகிறது.

அது எப்படி மற்றவற்றை அடக்குகிறது என்பது அழகான விஷயம். முந்திய ஃபாலிக்கிள் ஈஸ்ட்ரோஜனையும் இன்ஹிபினையும் கூடுதலாகச் சுரந்து எஃப்.எஸ்.எச்.ஐக் கீழே இறக்கிவிடுகிறது. சிறியவை எஃப்.எஸ்.எச். இல்லாமல் வாழ முடியாமல் அழிகின்றன. முந்தியது மட்டும் அதற்குள் எல்.எச். ஏற்பிகளை வளர்த்துக்கொண்டுவிட்டதால் எல்.எச்.ஐக் கொண்டு தாக்குப்பிடிக்கிறது. ஒரே முறையில் பல முட்டைகள் வேண்டுமென்று எஃப்.எஸ்.எச்.ஐ வெளியிலிருந்து நாளுக்கு இருமுறை, நான்கு நாள் செலுத்தும் முறை இந்த அடக்குமுறையைத்தான் தகர்க்கிறது.

முந்திய ஃபாலிக்கிளின் கதி அப்போது புரோஜெஸ்டிரோன் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்தது. இருந்தால் எல்.எச். துடிப்பு மெதுவாக இருக்கும். ஃபாலிக்கிள் முதிர முடியாமல் அழியும். அடுத்த அலை தொடங்கும். புரோஜெஸ்டிரோன் விலகியிருந்தால் அதே ஃபாலிக்கிள் 12 முதல் 20 மில்லிமீட்டர் வரை வளர்ந்து முட்டையை வெளியிடும். சினை மாட்டிலும், இன்னும் பருவம் அடையாத கிடேரியிலும்கூட இந்த அலைகள் வந்து போகின்றன.

ஈஸ்ட்ரோஜன் எல்.எச்.ஐ அடக்கும் என்கிறார்கள். அதே ஈஸ்ட்ரோஜன்தான் எல்.எச். பெருக்கை உண்டாக்குகிறது என்றும் சொல்கிறார்கள். எது சரி?

இரண்டும் சரி. குறைந்த அளவிலும், புரோஜெஸ்டிரோன் உடனிருக்கும்போதும் ஈஸ்ட்ரோஜன் அடக்குகிறது. புரோஜெஸ்டிரோன் விலகியபின், முதிரும் ஃபாலிக்கிளிலிருந்து ஈஸ்ட்ரோஜன் உயர்ந்து சில மணி நேரம் உயர்வாகவே நீடித்தால், மூளையின் போக்கு தலைகீழாக மாறுகிறது. ஜி.என்.ஆர்.எச். பெரிய அளவில் வெளியேற, அதைத் தொடர்ந்து எல்.எச். பெருக்கெடுக்கிறது. அந்தப் பெருக்கு இல்லாமல் முட்டை வெளியேறாது.

இதில் நெடுங்காலம் ஒரு புதிர் இருந்தது. ஜி.என்.ஆர்.எச். சுரக்கும் நரம்புச் செல்களில், இந்த வேலைக்குத் தேவையான ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இல்லை. பிறகு எப்படி அவை ஈஸ்ட்ரோஜனின் அளவை அறிகின்றன? இடையில் கிஸ்பெப்டின் என்ற பொருளைச் சுரக்கும் நரம்புச் செல்கள் நிற்கின்றன. ஈஸ்ட்ரோஜனை உணர்வது அவை, ஜி.என்.ஆர்.எச். செல்களைத் தூண்டுவதும் அவையே. இனப்பெருக்கத்தில் கிஸ்பெப்டினின் இடம் 2003ஆம் ஆண்டு முதல்தான் தெளிவாகத் தொடங்கியது.

ஈஸ்ட்ரோஜன் எங்கிருந்து வருகிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஃபாலிக்கிளின் வெளிச்சுவர்ச் செல்கள் எல்.எச்.இன் தூண்டலால் ஆண்ட்ரோஜன் என்ற ஆண்பால் ஹார்மோனை உற்பத்தி செய்கின்றன. உள்சுவர்ச் செல்கள் எஃப்.எஸ்.எச்.இன் தூண்டலால் அதை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகின்றன. இரண்டு ஹார்மோன்களும் வேண்டும், இரண்டு வகைச் செல்களும் வேண்டும்.

பருவ அறிகுறி தெரிந்தவுடன் கருவூட்டலாமா, காத்திருக்க வேண்டுமா?

பல மணி நேரம் காத்திருப்பது நல்லது. எல்.எச். பெருக்கு பருவத்தின் தொடக்கத்தை ஒட்டி நிகழ்கிறது. அதிலிருந்து முட்டை வெளியேற ஏறக்குறைய ஒரு நாளோ அதற்குச் சற்றுக் கூடுதலாகவோ ஆகும். பருவம் தொடங்கியதிலிருந்து கணக்கிட்டால் சுமார் 24 முதல் 32 மணி நேரம். மாட்டில் பருவ நடத்தை அடங்கிய பிறகுதான் முட்டை வெளியேறுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வெளியேறிய முட்டை சில மணி நேரமே கருத்தரிக்கும் தகுதியுடன் இருக்கும். விந்தணுக்கள் ஏறக்குறைய ஒரு நாள் தாக்குப்பிடிக்கும். ஆனால் தகுதி பெற்று முட்டையை எதிர்கொள்ள அவற்றுக்கும் பல மணி நேரம் தேவை.

காலையில் பருவம் கண்டால் மாலையில், மாலையில் கண்டால் மறுநாள் காலையில் என்ற பழைய விதி இந்தக் கணக்கிலிருந்து வந்தது. பிற மாடுகள் மேலே ஏறும்போது நகராமல் நின்று கொடுப்பதைத்தான் தொடக்கமாகக் கொள்ள வேண்டும். கத்துவதும், கண்ணாடி போன்ற வழும்பு தெரிவதும் அதற்கு முன்பே தொடங்கிவிடக்கூடும்.

கருவூட்டிய மறுநாள் ரத்தம் கசிந்தது. சினை நிற்காதா?

அந்த ரத்தத்துக்கும் சினைக்கும் தொடர்பில்லை. பருவத்தின்போது ஈஸ்ட்ரோஜனால் கருப்பையின் உட்சுவரில் ரத்த ஓட்டம் பெருகியிருக்கும். ஈஸ்ட்ரோஜன் திடீரென்று இறங்கும்போது நுண்ணிய குழாய்கள் கசிகின்றன. பருவம் வந்து போனது என்பதற்கு மட்டும் அது சான்று. பருவத்தைப் பார்க்கத் தவறியவர்களுக்கு அதுவே உதவி: ரத்தம் கண்ட நாளைக் குறித்துவைத்தால், ஏறக்குறைய 18 அல்லது 19 நாள் கழித்து அடுத்த பருவத்தை எதிர்பார்க்கலாம்.

சினை பிடிக்கவில்லை என்பதை உடல் எப்படி அறிந்து அடுத்த சுழற்சியைத் தொடங்குகிறது?

முட்டை வெளியேறிய இடத்தில் கார்பஸ் லூட்டியம் என்ற மஞ்சள் திரள் உருவாகிப் புரோஜெஸ்டிரோன் சுரக்கிறது. அது இருக்கும்வரை பருவம் இல்லை. அதை அழிக்கும் ஆணை எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு விடை யாரும் எதிர்பாராத இடத்தில் கிடைத்தது. 1923இல் லியோ லோப் கினிப் பன்றிகளில் கருப்பையை அகற்றியபோது மஞ்சள் திரள் அழியாமல் நெடுநாள் நீடித்தது. பசுவிலும் அதுவேதான் நடக்கிறது. அதாவது மஞ்சள் திரளுக்கு முடிவு கட்டுவது கருப்பை.

கருப்பையின் உட்சுவர் 16ஆம் நாள் வாக்கில் புரோஸ்டாகிளாண்டின் எஃப்2 ஆல்ஃபா என்ற பொருளைத் துடிப்புகளாகச் சுரக்கத் தொடங்குகிறது. அதுவரை அங்கே ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோனின் ஏற்பிகளை அடக்கி வைத்திருந்தது புரோஜெஸ்டிரோன். பல நாள் தொடர்ந்து புரோஜெஸ்டிரோனில் ஊறிய கருப்பை அந்த அடக்குதலுக்குப் பணியாமல் போகிறது. ஏற்பிகள் தோன்றுகின்றன. ஆக்ஸிடோசின் வந்து பட்டதும் புரோஸ்டாகிளாண்டின் வெளியேறுகிறது. அந்த ஆக்ஸிடோசினில் ஒரு பகுதி மஞ்சள் திரளிலிருந்தே வருகிறது. புரோஸ்டாகிளாண்டின் துடிப்பு பட்டதும் மஞ்சள் திரள் இன்னும் ஆக்ஸிடோசினை விடுவிக்கிறது. அது மேலும் புரோஸ்டாகிளாண்டினை வரவழைக்கிறது. மஞ்சள் திரள் தன் அழிவுக்குத் தானே துணைபோகிறது.

இன்னொரு நுட்பம்: புரோஸ்டாகிளாண்டின் பொது ரத்த ஓட்டத்தில் கலந்தால் நுரையீரலைக் கடக்கும்போதே அதன் பெரும்பகுதி செயலிழந்துவிடும். அதனால் அது குறுக்குவழியில் செல்கிறது. கருப்பையிலிருந்து வரும் சிரையின்மேல் சினைப்பைக்குச் செல்லும் தமனி சுற்றிச் சுற்றிப் படிந்திருக்கிறது. சிரையிலிருந்து தமனிக்குச் சுவர் வழியாகவே அது ஊடுருவி நேரே சினைப்பையை அடைகிறது.

அப்படியானால் கரு உள்ளே இருப்பது தாய்க்கு எப்படித் தெரிகிறது?

அந்த 16ஆம் நாளுக்குள் கரு தன் இருப்பைச் சொல்லியாக வேண்டும். அப்போது அது கருப்பைச் சுவரில் ஒட்டிக்கூட இருக்காது. நூல்போல நீண்டு கருப்பைக்குள் படர்ந்திருக்கும். அதன் வெளிச்செல்கள் இன்டர்ஃபெரான் டௌ என்ற புரதத்தைச் சுரக்கின்றன. அது கருப்பையில் ஆக்ஸிடோசின் ஏற்பிகள் தோன்றுவதைத் தடுக்கிறது. புரோஸ்டாகிளாண்டின் துடிப்புகள் எழாததால் மஞ்சள் திரள் பிழைக்கிறது, சினை தொடர்கிறது. சிறிய கரு, நீளாத கரு போதிய அளவு சுரக்காமல் தோற்றுப்போகும்.

இதிலிருந்து நடைமுறைக்கு ஒரு குறிப்பு. கருவூட்டிய மாடு 21ஆம் நாள் வாக்கில் திரும்பவும் பருவத்துக்கு வந்தால், கரு உருவாகவில்லை அல்லது மிகத் தொடக்கத்திலேயே அழிந்தது என்று பொருள். 25 நாளைத் தாண்டி, 35 நாள் வாக்கில் வந்தால், கரு தன் இருப்பைச் சொல்லிவிட்டு அதன் பிறகு இறந்திருக்க வாய்ப்பு அதிகம். இரண்டுக்கும் காரணம் வேறு. ஆகவே தேதிகளை எழுதி வையுங்கள்.

புரோஸ்டாகிளாண்டின் ஊசி போட்டும் மாடு பருவத்துக்கு வரவில்லை. மருந்து சரியில்லையா?

மருந்தைக் குறை சொல்வதற்கு முன் மாடு சுழற்சியின் எந்த நாளில் இருந்தது என்று கேளுங்கள். இந்த ஊசி மஞ்சள் திரளை அழிக்கும். அது ஒன்றுதான் அதன் வேலை. மஞ்சள் திரள் இல்லாத மாட்டில் அழிக்க எதுவுமில்லை. பருவம் முடிந்து முதல் ஐந்து நாள்களில் திரள் இருந்தாலும் அது இந்த மருந்துக்கு இணங்கி அழியாது. கன்று ஈன்றபின் சுழற்சியே தொடங்காத மாட்டிலும் பயனில்லை. கையாலோ ஸ்கேன் மூலமோ சினைப்பையைச் சோதிக்காமல் இந்த ஊசியைப் போடுவதை நான் ஏற்பதில்லை. பயனற்றுப் போவது ஒருபுறம் இருக்கட்டும். மாடு சினையாக இருந்தால் கரு கலைந்துவிடும்.

வேலை செய்தாலும் எல்லா மாடுகளும் ஒரே நாளில் பருவத்துக்கு வருவதில்லை. புரோஜெஸ்டிரோன் ஒரு நாளில் இறங்கிவிடும். பருவமோ இரண்டு முதல் ஐந்து நாள்களுக்குள் எப்போதும் வரலாம். ஃபாலிக்கிள் அலை பற்றி மேலே சொன்னதை நினைவில் கொண்டால் காரணம் விளங்கும்: ஊசி போடும்போது முதிர்ந்த ஃபாலிக்கிள் தயாராக இருந்தால் விரைவில் வரும், புதிய அலை அப்போதுதான் கிளம்பியிருந்தால் நாளாகும்.

பருவத்தைப் பார்க்காமலே நேரம் குறித்துக் கருவூட்டும் முறை எப்படி வேலை செய்கிறது?

அலையையும் மஞ்சள் திரளையும் முட்டை வெளியேறும் நேரத்தையும் ஒவ்வொன்றாக நம் கைக்குள் கொண்டுவருவது அது. ஓவ்சிங்க் என்ற பெயரில் 1995இல் வெளியான முறையே இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அடிப்படை. முதல் நாள் ஜி.என்.ஆர்.எச். ஊசி. அது இரண்டு மணி நேரத்துக்குள் எல்.எச். பெருக்கை எழுப்பும்; தயாராக இருக்கும் ஃபாலிக்கிள் முட்டையை வெளியிட, புதிய அலை தொடங்கும். அதிலிருந்து ஏழு நாள் கழித்துப் புரோஸ்டாகிளாண்டின். அதிலிருந்து இன்று பரவலாகப் பின்பற்றப்படுவது போல் 56 மணி நேரத்தில் இரண்டாவது ஜி.என்.ஆர்.எச்.; மேலும் 16 மணி நேரம் கழித்துக் கருவூட்டல்.

முதல் ஊசிக்கு முட்டை வெளியேறாவிட்டால் மொத்தத் திட்டமும் தளரும். சுழற்சியின் 5 முதல் 12ஆம் நாளுக்குள் தொடங்கினால் பலன் கூடுதலாக இருப்பது அதனால்தான். மணி நேரங்களைச் சற்றே மாற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள்தான் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள்.

மாட்டின் பிறப்புறுப்பினுள் வைக்கும் புரோஜெஸ்டிரோன் சாதனத்தை ஏழு நாளுக்குப் பதில் பதினான்கு நாள் வைத்தால் பருவம் இன்னும் நன்றாக வருமாமே?

பருவம் நன்றாக வரும். சினை நன்றாக நிற்காது. மஞ்சள் திரள் அழிந்துவிட்ட மாட்டில் சாதனம் மட்டும் தரும் புரோஜெஸ்டிரோன் இடைப்பட்ட அளவில் இருக்கும். எல்.எச். பெருக்கைத் தடுக்க அது போதும். துடிப்புகளை முழுமையாக மெதுவாக்கப் போதாது. விளைவாக, முந்திய ஃபாலிக்கிள் அழியவும் முடியாமல், முட்டையை வெளியிடவும் முடியாமல் நாள்கணக்கில் நிற்கும். உள்ளே இருக்கும் முட்டை உரிய நேரத்துக்கு முன்பே முதிர்ந்து பழசாகிவிடும். சாதனத்தை எடுத்ததும் அந்த முட்டைதான் வெளியேறும். நீண்ட நாள் சாதனம் வைத்தால் அந்த முதற்பருவத்தை விட்டு அடுத்ததில் கருவூட்ட வேண்டும்.

கன்று ஈன்று மூன்று மாதம் ஆகியும் பருவமே இல்லை. ஹார்மோன் குறைவுதானே?

தொடக்கத்தில் சொன்னது இங்கேதான் மிகவும் பொருந்தும். சினையின் கடைசி மாதங்களில் உயர்ந்திருந்த ஹார்மோன்களால் பிட்யூட்டரியில் எல்.எச். சேமிப்பு வற்றியிருக்கும் என்பது உண்மை. ஆனால் அது ஈன்ற இரண்டு, மூன்று வாரங்களில் நிரம்பிவிடுகிறது. எஃப்.எஸ்.எச். அதற்கும் முன்பே சீராகி, ஃபாலிக்கிள் அலைகள் முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கிவிடும். சரக்கு இருக்கிறது, துடிப்புதான் இல்லை. ஜி.என்.ஆர்.எச். போதிய வேகத்தில் துடிக்காததால் ஃபாலிக்கிள்கள் வளர்வதும் அழிவதுமாகக் காலம் போகிறது.

துடிப்பைத் தடுப்பவை முக்கியமாக இரண்டு. ஒன்று கன்று ஊட்டுதல். காம்பின் தூண்டல் மட்டும்தான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் தாய் தன் கன்றைப் பார்த்தும் மோந்தும் அறிந்துகொள்ளும் பிணைப்பே பெரும்பங்கு வகிக்கிறது. தன் கன்று ஊட்டும்போது உண்டாகும் தடை, வேறொரு கன்று ஊட்டும்போது அப்படியே உண்டாவதில்லை. கன்றை 48 மணி நேரம் பிரித்துவைத்தால் துடிப்பு வேகமெடுப்பதையும் காண முடிகிறது.

மற்றொன்று ஆற்றல் பற்றாக்குறை. ஈன்ற மாடு உண்பதைவிட அதிகமாகப் பாலில் இழக்கிறது. இன்சுலின், ஐ.ஜி.எஃப்-1, லெப்டின் ஆகிய ஹார்மோன்கள் தாழ்கின்றன. மூளை இவற்றைக் கொண்டே உடலின் இருப்பை அறிகிறது. ஐ.ஜி.எஃப்-1 குறைந்தால் சினைப்பையும் எல்.எச்.க்குச் சரியாக இணங்காது. ஈன்றபின் உடல் மெலிந்துகொண்டே போகும் மாட்டுக்கு ஊசி மேல் ஊசி போடுவது வீண். தீவனத்தைச் சரிசெய்வதுதான் அங்கே முதல் சிகிச்சை. அதிலும் ஈனுவதற்கு முன்பே தொடங்க வேண்டிய சிகிச்சை.

ஈன்றபின் முதல் பருவம் தெரியவே இல்லை. அடுத்தது பத்தே நாளில் வந்துவிட்டது. இது நோயா?

இயல்பானது. பருவ நடத்தையைத் தோற்றுவிப்பது ஈஸ்ட்ரோஜன்தான். ஆனால் அதற்கு முன் மூளை சில நாள் புரோஜெஸ்டிரோனில் பழகியிருந்தால்தான் நடத்தை முழுமையாக வெளிப்படும். ஈன்றபின் முதல் முட்டை வெளியேறும்போது அந்த முன்பழக்கம் இருக்காது. ஆகவே ஊமைப் பருவம். அதே காரணத்தால் கருப்பையும் முன்கூட்டியே புரோஸ்டாகிளாண்டினைச் சுரந்துவிட, முதல் மஞ்சள் திரள் குறைந்த நாளே வாழ்கிறது. அந்தக் குறுகிய சுழற்சியே அடுத்ததைச் சீராக்குகிறது. சுழற்சி தொடங்காத மாடுகளுக்குப் புரோஜெஸ்டிரோன் சாதனம் வைப்பது இந்த முன்பழக்கத்தைத் தருவதற்காகவும்தான்.

நிறையக் கறக்கும் மாட்டுக்குப் பருவம் சில மணி நேரம்தான் தெரிகிறது. ஏன்?

அதிகம் உண்ணும் மாட்டின் கல்லீரலுக்கு ரத்த ஓட்டம் மிக அதிகம். ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் கல்லீரலில்தான் சிதைக்கப்படுகின்றன. அதனால் ஃபாலிக்கிள் பெரிதாக இருந்தும் ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் தாழ்ந்தே இருக்கிறது. சுரப்பு குறையவில்லை; வெளியேற்றம் கூடியிருக்கிறது. இத்தகைய மாடுகளை நாளில் பல முறை, இரவிலும், கவனிக்க வேண்டும். இல்லையென்றால் நேரம் குறித்த கருவூட்டலுக்குப் போக வேண்டும்.

சினைப்பையில் நீர்க்கட்டி என்றார்கள். ஈஸ்ட்ரோஜன் மிகுந்தும் முட்டை ஏன் வெளியேறவில்லை?

ஈஸ்ட்ரோஜன் உயர்ந்தால் எல்.எச். பெருக்கெடுக்கும் என்றோம். நீர்க்கட்டி உள்ள பல மாடுகளில் ஹைப்போதலாமஸ் அந்த உயர்வுக்கு இணங்குவதில்லை. பெருக்கு வராததால் ஃபாலிக்கிள் உடையாமல் 20, 25 மில்லிமீட்டரைத் தாண்டி நிற்கிறது. மூளையின் அந்த உணர்வை மீட்பது புரோஜெஸ்டிரோன். சாதனம் மூலம் நேரடியாகத் தரலாம். அல்லது ஜி.என்.ஆர்.எச். ஊசியால் எல்.எச்.ஐ எழுப்பி, சினைப்பையில் மஞ்சள் திசுவை உருவாக்கி, அதையே சுரக்கவைக்கலாம். கட்டியைக் கையால் நசுக்கி உடைக்கும் பழைய வழக்கம் வேண்டாம். ரத்தக்கசிவும், பின்னர் சினைப்பை சுற்றுத் திசுக்களோடு ஒட்டிக்கொள்வதும் அதன் ஆபத்துகள்.

ஒரு ரத்தப் பரிசோதனை செய்தால் எந்த ஹார்மோன் குறைவு என்று தெரிந்துவிடாதா?

எல்.எச்.ஐ ஒரே மாதிரியில் அளப்பதில் பொருளில்லை. துடிப்பின் உச்சியில் எடுத்தீர்களா, இடைவெளியில் எடுத்தீர்களா என்று யாராலும் சொல்ல முடியாது. சில நிமிட இடைவெளியில் பல மணி நேரம் ரத்தம் எடுத்தால்தான் துடிப்பு புலப்படும். அது ஆய்வுக்கூட வேலை. புரோஜெஸ்டிரோன் அப்படியல்ல. ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு நானோகிராமுக்கு மேல் இருந்தால் மஞ்சள் திரள் வேலை செய்கிறது என்று பொதுவாகக் கொள்ளலாம். பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை பார்த்து இரண்டிலும் தாழ்வாக இருந்தால், சுழற்சி தொடங்கவில்லை என்பது ஏறக்குறைய உறுதி. கருவூட்டி 21 முதல் 24 நாளில் தாழ்வாக இருந்தால் சினை இல்லை. உயர்வாக இருந்தால் சினையாக இருக்கலாம் என்பது மட்டுமே. உறுதிக்கு வேறு சோதனை வேண்டும்.

கறப்பதற்காக ஆக்ஸிடோசின் ஊசி போட்டால் சினைக்குப் பாதிப்பு உண்டா?

பருவம் முடிந்த முதல் வாரத்தில் கவலைப்பட இடமுண்டு. சுழற்சியின் தொடக்க நாள்களில் தினமும் ஆக்ஸிடோசின் செலுத்தினால் சுழற்சியே குறுகிப்போவதை 1959ஆம் ஆண்டிலேயே கிடேரிகளில் காட்டினார்கள். மஞ்சள் திரளின் அழிவில் ஆக்ஸிடோசினுக்கு உள்ள பங்கை மேலே பார்த்தோம். கறவைக்கு ஊசியையே நம்பியிருக்கும் பழக்கம், மாடு தானே பால் இறக்கும் இயல்பையும் கெடுக்கிறது. தேவைப்படும் மாட்டுக்கு மருத்துவர் தரும்போது மட்டும் இருக்கட்டும்.

காளையின் விந்து தரம் குறைந்தது. டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடலாமா?

கூடாது. எல்.எச். விதைப்பையில் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கவைக்கிறது, எஃப்.எஸ்.எச். விந்தணுக்களைப் பேணும் செல்களை இயக்குகிறது. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால் மூளை தன் ஜி.என்.ஆர்.எச்.ஐக் குறைத்துக்கொள்ளும். விதைப்பைக்குள் இருக்க வேண்டிய டெஸ்டோஸ்டிரோன் ரத்தத்தில் உள்ளதைவிடப் பன்மடங்கு செறிவானது. ஊசியால் அந்தச் செறிவை ஈடுகட்ட முடியாது. விந்தணு உற்பத்தி தளரும். காளையில் ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 61 நாள் ஆகிறது. இன்று காணும் தரக்குறைவுக்குக் காரணம் இரண்டு மாதத்துக்கு முந்தைய காய்ச்சலாகவோ கடும் வெப்பமாகவோ இருக்கலாம். அதைத் தேடிப் பார்ப்பதே சரி.

இந்த ஊசிகளை நாங்களே கையாளலாமா?

மருத்துவரின் பொறுப்பில் மட்டும். குறிப்பாகப் புரோஸ்டாகிளாண்டின் தோல் வழியாகவே மனித உடலுக்குள் செல்லக்கூடியது. கருவுற்ற பெண்களும் ஆஸ்துமா உள்ளவர்களும் அதைத் தொடவே வேண்டாம். கருச்சிதைவும் மூச்சுக்குழல் இறுக்கமும் உண்டாகலாம். மற்றவர்களும் கையுறை அணிய வேண்டும். தோலில் பட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். புரோஜெஸ்டிரோன் சாதனத்தையும் வெறுங்கையால் எடுக்கக் கூடாது. பயன்படுத்திய பின்னும் அதில் ஹார்மோன் மிச்சம் இருக்கும். குழந்தைகளின் கைக்கும் நீர்நிலைக்கும் எட்டாதபடி அதை அப்புறப்படுத்த வேண்டும்.